கடலுக்குப் போகிற பாட்டு: எந்த ஓசி கிரெடிட் கரைசேரும்?

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் ஆண்கள் எல்லாரும் வீட்டில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக மிச்ச நேரமெல்லாம் போனில் போகும். அப்படி ஒரு மே மாத மத்தியானம் என் மாமா தன் போனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "மாப்ள, கடலுக்குப் போறதுக்குள்ள இதுல நல்ல பாட்டா ஏத்திக் குடு. இப்பல்லாம் ஓசியிலயே வருதாமே."

ஓசி என்று வந்தவை நிஜமாகவே குவிந்துதான் கிடந்தன. ரீசார்ஜோடு ஒரு பாட்டு ஆப்பின் சந்தா. மூன்று மாதம் இலவசம் என்று கண்ணடிக்கும் இன்னொரு ஆப். கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்லிச் சேர்ந்த கூகுள் பிளே பணம் 60 சொச்சம் ரூபாய். கீழக்கரை நண்பனின் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆப்பிள் கிஃப்ட் கார்டு படம். இவை போக, எங்கள் தெரு இளைஞர்கள் திருவிழாவுக்காகப் பாடி இணையத்தில் ஏற்றிய பாட்டுகளுக்கான டவுன்லோடு கோடு (code) எழுதிய துண்டுச் சீட்டு. "எல்லாம் ஓசிதானே, ஏதாவது ஒண்ணப் போட்டு விடு" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். பிரித்து மேய ஒரு வாரம் ஆனது.

முதலில் மாமாவுக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். அவர் விசைப்படகு டிரைவர். ராமேஸ்வரத்திலிருந்து மீன்துறை டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் தேயும். இன்னும் போனால் இலங்கை டவர் பிடித்துக்கொண்டு ரோமிங் மெசேஜ் வந்து விழும். தனுஷ்கோடி முனைக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கே அது வரும், தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான். அதனால் கடலில் அவர் போன் எப்போதும் ஏரோபிளேன் மோடில் இருக்கும். பாட்டு போனில் பாடுவதும் இல்லை. கேபினில் கம்பியில் கட்டித் தொங்கும் ஒரு ஸ்பீக்கரில் பாடும். அதில் புளூடூத் உண்டு. ஆனால் உப்புக் காற்றில் போனை வெளியே எடுத்து வைக்க அவருக்குப் பிடிக்காது. மெமரி கார்டைச் செருகிவிட்டு மறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். கரைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை பாம்பனின் 'கடல் ஓசை' 90.4 கேட்கும். மீனவர்களுக்காகவே 2016-ல் தொடங்கிய சமுதாய வானொலி அது. தூரம் போனபின் கார்டுதான் கதி.

அந்த மெமரி கார்டுதான் இந்த ஒப்பீட்டின் அளவுகோல். வேறு வீட்டில் வேறு அளவுகோல் இருக்கலாம். கல்லூரிக்குப் பஸ்ஸில் போகிற என் தங்கைக்கு நான் இங்கே தள்ளிவிடுகிற ஆப் சந்தாவே போதும், இதைவிட நல்லதும்கூட.

சரி, ரீசார்ஜோடு வரும் சந்தா. இதற்குத் தனியாகக் கோடு தேட வேண்டாம், போன் நம்பரைப் போட்டால் திறந்துவிடும். தமிழ்ப் பாட்டு கடலளவு கிடைக்கும். ஆஃப்லைனுக்கு டவுன்லோடு செய்யவும் விடும். ஆனால் அந்த டவுன்லோடு, நாம் நினைக்கிற டவுன்லோடு இல்லை. பாட்டு ஆப்பின் வயிற்றுக்குள் பூட்டிய நிலையில் கிடக்கும். கார்டில் எடுத்துப் போட்டால் ஸ்பீக்கருக்கு அது பாட்டே இல்லை. உதாரணத்துக்கு, ஸ்பாட்டிஃபை பிரீமியத்தில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டு வரை இறக்கி, ஐந்து கருவிகளில் வைத்துக்கொள்ளலாம். 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணைய வேண்டும். இந்த 30 நாள் விதியை நினைத்துத்தான் முதலில் பயந்தேன். மாமாவுக்கு அது பிரச்சினையே இல்லை, மறுநாளே கரைக்கு வந்துவிடுகிறாரே. தங்கல் தொழிலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்களும் மாதத்துக்குள் திரும்பிவிடுவார்கள். கழுத்தைப் பிடிப்பது வேறொன்று. ரீசார்ஜ் தீர்ந்தால் சந்தாவும் தீரும். பாடு, அதாவது மீன் வரத்து, இல்லாத வாரத்தில் ரீசார்ஜைத் தள்ளிப்போடுவது எங்கள் பக்கம் வழக்கம். அந்த வாரம் ஏற்றிய பாட்டெல்லாம் சாம்பல் நிறமாகிப் படுத்துவிடும்.

ஆப்பே படுத்துவிடுவதும் உண்டு. ரெசோ 2024 ஜனவரி 31-ஆம் தேதி இந்தியாவில் கடையைக் கட்டியது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தார்கள். கானா 2022-லேயே இலவசத்தை நிறுத்திப் பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று மாறியது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பட்டியல்களுக்கு ஆயுள் அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக ஒரு பழைய கதை: பிளிப்கார்ட் 2012-ல் 'ஃபிளைட்' என்று எம்பி3 விற்கும் கடை திறந்து, 2013-ல் மூடியது. ஒன்றரை ஆண்டுகூட நிற்கவில்லை. ஆனால் அப்போது காசு கொடுத்து வாங்கிக் கணினியில் வைத்தவர்களிடம் அந்தப் பாட்டு இன்றும் பாடும், ஏனென்றால் அதில் பூட்டு கிடையாது. கோப்பாகக் கைக்கு வருவதற்கும் சந்தாவில் எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இதுதான்.

மூன்று மாத இலவச டிரையலை நான் சீக்கிரமே கழித்துவிட்டேன். பூட்டு விஷயத்தில் இதுவும் முந்தையதைப் போலத்தான். கூடவே யுபிஐ ஆட்டோபே கேட்கும். ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ எடுத்துச் சரிபார்த்துக்கொண்டு, மூன்று மாதம் முடிந்ததும் முழுத் தொகையை எடுக்க இப்போதே நம்மிடம் ஒப்புதல் வாங்கிவிடும். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவல் வரும், சந்தேகமில்லை. ஆனால் அது வருகிற நாளில் மாமா கடலில் ஏரோபிளேன் மோடில் இருப்பார். அவருடைய யுபிஐ இணைந்திருக்கும் கணக்கில்தான் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயும் வந்து விழுகிறது. அத்தையிடம் யார் பதில் சொல்வது? இதை எடுத்தே ஆகவேண்டும் என்கிறவர்கள், எடுத்த அன்றைக்கே யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த ஒப்புதலை ரத்து செய்துவிடுங்கள். பல ஆப்களில் அதற்குப் பிறகும் இலவச நாள் முடியும்வரை பாட்டு ஓடும். சிலவற்றில் அப்போதே நின்றுவிடும், அதனால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கூகுள் பிளே பணம் கதை இன்னும் சின்னது. முன்பு அங்கே பாட்டைத் தனித்தனியாக விலைக்கு வாங்கலாம். கூகுள் பிளே மியூசிக்கை 2020-ல் மூடியதோடு அது போயிற்று. இப்போது அந்தப் பணம் ஆப், விளையாட்டு, புத்தகம், சந்தா இவற்றுக்குத்தான். கருத்துக்கணிப்பில் சேர்ந்த தொகை ஒரு வருடத்தில் காலாவதியும் ஆகும். மாமா மகன் அதை விளையாட்டில் கரைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

துபாய் கோடுதான் எங்களை அதிக நேரம் உட்கார வைத்தது. ராமநாதபுரம் கரையில் கீழக்கரை, தொண்டி, ஏர்வாடி என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அங்கே சூப்பர்மார்க்கெட்டில் சலுகையாகக் கிடைக்கும் கார்டைச் சுரண்டிப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவார்கள். நண்பனின் காக்காவும் பாசமாக அனுப்பியிருந்தார். எக்ஸ் எழுத்தில் தொடங்கும் 16 எழுத்துக் கோடு. சுரண்டிய நாணயம் கொஞ்சம் ஆழமாகப் போய் நடுவில் ஓர் எழுத்தின் தலையைக் கொண்டுபோயிருந்தது. அது எட்டா, பி-யா என்று நாங்கள் மூன்று பேர் போனைப் பெரிதாக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடி போட்டுப் பார்த்தோம். எட்டு என்று முடிவாகி அடித்ததும் வந்த பதில், இந்தக் கோடு ஐக்கிய அரபு அமீரகக் கடையில் மட்டுமே செல்லும் என்பது.

கோடு சரி, நாடு தப்பு. ஆப்பிள் கிஃப்ட் கார்டு வாங்கிய நாட்டுக் கணக்கில்தான் ஏறும். கூகுள் பிளே கார்டும் அப்படியே. அமெரிக்காவில் அமேசான், அவசரமில்லாத டெலிவரிக்கு ஒப்புக்கொண்டால் கொடுக்கும் டிஜிட்டல் கிரெடிட்டும் அந்த நாட்டுக் கணக்கோடு நின்றுவிடும். பாட்டு உரிமையை நாடுநாடாகப் பிரித்து விற்பதால் வருகிற வேலி இது. கணக்கின் நாட்டை மாற்றிக்கொள்ளலாமே என்று நண்பன் கேட்டான். மாற்றலாம். ஆப்பிளில் மிச்சமிருக்கும் பணத்தை முழுதும் செலவழித்து, சந்தாக்களை நிறுத்தி, புது நாட்டு முகவரியும் கட்டண வழியும் கொடுக்க வேண்டும். கூகுளில் வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். பத்துப் பாட்டுக்காகப் பொய் முகவரி எழுதிவிட்டு, பிறகு நம் ஊர் வங்கி ஆப் புதுப்பிக்க முடியாமல் நிற்பது எதற்கு? "காக்கா, அதை நீங்களே அங்க புள்ளைங்களுக்குச் செலவு பண்ணிக்கங்க" என்று நண்பன் குரல் செய்தி அனுப்பிவிட்டான். அவருக்கு லேசாக வருத்தம்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். டெலிகிராமில் பாதி விலைக்குக் கிஃப்ட் கோடு விற்கிறார்கள். திருடிய அட்டையில் வாங்கிய கோடாக இருந்தால் பணம் திரும்பிப் போகும், உங்கள் கணக்கும் முடங்கலாம். எந்தப் பாக்கியையும் கிஃப்ட் கார்டில் கட்டச் சொல்லி யாராவது போனில் கேட்டால் அது மோசடியேதான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள்.

துபாய்க் கோடு போனாலும் ஒரு வழி காட்டிவிட்டுப் போனது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு 2012 டிசம்பரில் வந்தது, பாட்டைத் தனியாக விலைக்குக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. ஐபோன் வேண்டியதில்லை; விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் போட்டால் போதும். இந்தியக் கணக்கில் யுபிஐ மூலமே பணம் ஏற்றலாம். இந்திய கிஃப்ட் கார்டு சலுகையில் வந்தால் அதையும் ஏற்றலாம். அந்த வாரம் எனக்கு ஒரு பணப்பை ஆப்பின் கேஷ்பேக்காக இந்திய கார்டு ஒன்று அமைந்தது. பாட்டு ஒன்று, ஒன்றிரண்டு டீ விலைக்குள் முடிந்துவிடும். முக்கியமாக, 2009 ஜனவரியில் ஆப்பிள் தன் கடைப் பாட்டுகளுக்குப் பூட்டு இல்லை என்று அறிவித்தது. 256 கேபிபிஎஸ் தரத்தில் வரும் கோப்பு, வாங்கியபின் நம்முடையது மாதிரிதான். சந்தா போனாலும் பாடும்.

இந்தக் கிரெடிட் விளையாட்டு பழையது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. 2004-ல் அமெரிக்காவில் பெப்சியும் ஆப்பிளும் சேர்ந்து 10 கோடி பாட்டு இலவசம் என்று சொல்லி, பாட்டில் மூடிக்குள் கோடு அச்சடித்தார்கள். கடையில் நின்றபடியே பாட்டிலைச் சாய்த்து மூடிக்குள் எட்டிப் பார்த்து, கோடு உள்ளதை மட்டும் எடுத்துப் போனார்களாம். நாங்கள் போனைச் சாய்த்து எட்டா பி-யா என்று பார்த்தது ஞாபகம் வந்து சிரித்தேன்.

வாங்கிய பாட்டைக் கார்டில் போட்டு, மாமாவின் ஸ்பீக்கரில் செருகினேன். நீல விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. சத்தம் இல்லை. மறுபடி செருகினேன். மறுபடி சிமிட்டல். மாமா என்னைப் பார்த்த பார்வையில் "காசு குடுத்தா வாங்கின?" என்ற கேள்வி இருந்தது. விஷயம் இரண்டு. ஆப்பிள் கோப்பு எம்4ஏ வடிவில் வரும், விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு எம்பி3-தான் தெரியும். அடுத்தது, நான் போட்டது 64 ஜிபி கார்டு. இந்த ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 32 ஜிபி வரையிலான, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த கார்டைத்தான் படிக்கும். ஐடியூன்ஸிலேயே இம்போர்ட் அமைப்பில் எம்பி3 என்று வைத்துவிட்டு, பாட்டைத் தேர்ந்தெடுத்து எம்பி3 பிரதி எடுக்கச் சொன்னால் எடுத்துத் தரும். பழைய 32 ஜிபி கார்டைத் தேடி எடுத்தேன். ஐந்து நிமிடப் பாட்டு பத்து எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. அப்படிப் பார்த்தால் அந்தக் கார்டில் மூவாயிரம் பாட்டு தாராளமாக அடங்கும். எங்களிடம் இருந்ததோ 22. ஆனால் பாடியது.

தெரு இளைஞர்களின் துண்டுச் சீட்டு இதைவிடச் சுலபமாக இருந்தது. அவர்கள் பாட்டை ஏற்றியிருந்தது பேண்ட்கேம்ப் என்ற தளத்தில். அங்கே கலைஞர்கள் தங்கள் தொகுப்புக்கு டவுன்லோடு கோடு உருவாக்கி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இலவச டவுன்லோடு மாதத்துக்கு 200 வரை தளமே விடுகிறது. கோடு வாங்கியவர் எந்த நாட்டில் இருந்தாலும் செல்லும், எம்பி3-யாகவே எடுத்துக்கொள்ளலாம். துபாய் காக்காவுக்கும் ஒரு சீட்டு அனுப்பினோம், அங்கே அது சிக்கலில்லாமல் திறந்தது. குறை ஒன்றுதான்: சினிமாப் பாட்டை அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தனியாகப் பாடுகிறவர்கள், இசைக்குழுக்கள் இவர்களின் இடம் அது. மாமாவுக்கு வேண்டியதில் பாதி சினிமா, மீதி தேவாலயத்துச் சந்தியாகப்பர் பாட்டும் நாகூர் ஹனிபாவும்.

கோடுகளைப் பகிர்வதில் எங்கள் ஆட்கள் செய்த கூத்தையும் சொல்கிறேன். முதல் நாள் ஆர்வத்தில் ஒருவன் ஒரே ஒரு கோடு எடுத்துப் படகு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ஒரு கோடு ஒரு முறைதான் செல்லும். முதலில் தொட்டவருக்குப் பாட்டு. மற்றவர்களுக்கு ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று என்ற பதில். "போலி கோடு குடுக்குறானுவ" என்று ஒரு பெரியப்பா சண்டைக்கே வந்துவிட்டார். மறுநாள் சீட்டில் ஆளுக்கொரு கோடு எழுதி, பக்கத்தில் பெயரும் எழுதி, கோயில் வாசலில் வைத்துக் கையில் கொடுத்தார்கள். எழுத்து ஓ-வும் பூஜ்யமும் குழம்பாமல் இருக்கப் பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கீற்று இழுத்தான் ஒரு பையன். அதற்குப் பிறகு சண்டை இல்லை. இன்னொரு நல்ல பழக்கம்: கடலிலேயே இருக்கிறவருக்குக் கோடு கொடுப்பதைவிட, அவர் வீட்டுப் பிள்ளையிடம் கொடுப்பது. காலாவதியாகாமல் அன்றைக்கே இறங்கிவிடும்.

ஆப்பிள் போன்றவற்றில் குடும்பப் பகிர்வும் இருக்கிறது, ஆறு பேர் வரை. ஒருவர் வாங்கிய பாட்டை மற்றவர் இறக்கிக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபையிலும் ஆறு கணக்கு, ஆனால் எல்லாரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தங்கச்சிமடத்தில் இருக்கும் மாமாவும் மண்டபம் ஊரில் இருக்கும் நானும் ஒரே முகவரி என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும் இன்னொரு வழி, மெமரி கார்டைக் கொடுத்தால் ஆயிரம் பாட்டு ஏற்றித் தரும் கடை. பாதிப் படகில் பாடுவது அதுதான். வேகம், மலிவு, எம்பி3, எல்லாம் சரி. ஆனால் அது பதிப்புரிமையை மீறிய நகல். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் இருக்கிறது. படகுக்காரரைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் தயக்கம் வேறு. போன வருடம் அப்படி ஏற்றிய கார்டு என் கணினிக்குள் ஒரு வைரஸைக் கொண்டுவந்து, தங்கையின் கல்லூரிப் படங்களைத் தின்றுவிட்டது. அதோடு, எங்கள் தெருப் பையன்கள் ராத்திரி ராத்திரியாகப் பாடிப் பதிவு செய்ததைக் கண்ணால் பார்த்தபின், அடுத்தவன் பாட்டை அப்படி அள்ளக் கை வரவில்லை.

கடைசியில் எங்கள் வீட்டுத் தீர்ப்பு இப்படி அமைந்தது. படகுக்கு: இந்திய கார்டுக் கிரெடிட்டில் வாங்கிய 22 சினிமாப் பாட்டும், தெருப் பையன்களின் கோடில் வந்த ஒன்பதும். இனி சலுகை எது வந்தாலும் முதலில் கேட்பது, இது கோப்பாகக் கைக்கு வருமா, இந்தியக் கணக்கில் ஏறுமா என்ற இரண்டைத்தான். கரைக்கு: ரீசார்ஜோடு வரும் சந்தாவை அத்தை சமையலறையில் கேட்கட்டும், தீர்ந்தால் தீரட்டும். ஹனிபா பாட்டுகளை அடுத்த கிரெடிட்டில் வாங்க வேண்டும். டிரையலுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. அத்தையும் இதில் என் பக்கம்.

ஜூன் 15 விடியலில் படகு கிளம்பியது. மறுநாள் காலை ஐஸ் பெட்டி இறக்குகிற சத்தத்துக்கு நடுவே மாமா போன் செய்தார். பாடு எப்படி என்று கேட்டேன், பரவாயில்லை என்றார். பாட்டு எப்படி என்று கேட்டேன்.

"எல்லாம் பாடுது மாப்ள. எட்டாவது பாட்டு மட்டும் ரெண்டு தரம் வருது."

எம்பி3 எடுக்கும்போது அதை இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன். அழித்துவிடலாமா என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். படகில் இருக்கும் பையன்களுக்குப் பிடித்த பாட்டாம்.